அரைக் கட்டை

அந்தச் சுருதிப் பெட்டி என்ன கட்டை சார், ஒரு கட்டையா, ஒன்றரைக் கட்டையான்னு கேட்டுட்டு பிருந்தா சாப்பிடப் போயிட்டா. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமே இல்ல, இருபது நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனா. நல்ல பொண்ணு, பழைய டேப்பைச் சரி பண்ணித் தர்ற சவுண்ட் இன்ஜினியர். போகும்போது ஏசியைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா, பெரியவங்க ரெண்டு பேரும் நடுங்குறோம்னு. அவசரமே இல்லையாம். அறுபத்தோரு வருஷமா என் தொண்டையில நிக்குற சமாச்சாரத்தை, தயிர்சாத டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டே கேட்டுட்டுப் போறா. இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தச் சுருதிப் பெட்டியை தினம் துடைச்சவன் நான். கறுப்புத் தோல் துருத்தி, ஓரத்துல ஒரு ஒட்டு, மேல பித்தளைக் கொக்கி. ஒரு கட்டை. ஒரு கட்டைதான், அதுல சந்தேகமே கிடையாது. வாயைத் திறந்து சொன்னா ரெண்டு நொடி. சொல்லியிருக்கலாம். அவ கதவுகிட்ட போகும்போதே சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? ஞாபகம் வரலம்மா, யோசிச்சுச் சொல்றேன்னேன். இந்தப் பொன்னுரங்கத்துக்கு ஞாபகம் வரலையாம். போன தீபாவளிக்கு என்ன தின்னேன்னு கேட்டா ஞாபகம் வராது, சரி. ஆனா அந்த மே மாசத்துச் செவ்வாக்கிழமையில ஒரு நிமிஷம் விடாம எல்லாம் ஞாபகம் இருக்கு, அதுதான் என் வியாதியே. முட்டி வலிக்குது. சோபா ரொம்பத் தாழ்வு, எழுந்திருக்க ஒரு ஆள் வேணும். பாத்ரூம் போகணும் போலவும் இருக்கு, போக வேணாம் போலவும் இருக்கு. பக்கத்துல டாஃப்னி கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி உக்காந்திருக்காங்க. தூங்கல. உதடு அசையுது. ஜெபமாலை உருட்டுறாங்க போல.

டாஃப்னி யாருன்னா ரெஜியோட சம்சாரம். ரெஜி யாருன்னு இப்ப ஊருக்கே சொல்லணுமாம், அதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். ரெஜினால்ட் கோஸ்டா, பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். கழிச்சுப் போட்ட ரயில் பெட்டிக் கதவோட தேக்குப் பலகையைக் கேட்டு வாங்கி, அதுல தானே ஒரு எலெக்ட்ரிக் கிதார் செதுக்கி, பழைய டெலிபோன் காந்தத்தை அதுக்குள்ள பொருத்தி, ராக் அண்ட் ரோல் வாசிச்சவன். மெட்ராஸ்ல அதை இசைத்தட்டுல ஏத்தின முதல் ஆளுங்கள்ல இவன் ஒருத்தன்னு இப்ப எழுதுறாங்க. எங்கியோ ஜெர்மனியில ஒரு கம்பெனி, பழைய தட்டெல்லாம் தேடிப் பிடிச்சு புதுசா போடுறவங்க, இவனோட ‘பெரம்பூர் ஷஃபிள்’ தட்டைக் கேட்டுட்டு அசந்து போயிட்டாங்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுல இவ்வளவு வேகமா ஒருத்தன் வாசிச்சிருக்கானான்னு. அட்டை கூட அடிச்சாச்சு, பிருந்தா காட்டினா. ரெஜி சுருட்டை முடியோட சிரிக்கிறான், கீழ கொட்டை எழுத்துல ‘ஆசியாவின் அதிவேக விரல்கள்’னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. தட்டு தேய்ஞ்சு போனது, ஒரிஜினல் டேப் யார்கிட்டயாவது இருக்குமான்னு தேடி டாஃப்னிகிட்ட வந்தாங்க, டாஃப்னி என்கிட்ட கேட்டாங்க. இருந்துச்சு. நான் வேலை பார்த்த ஸ்டூடியோவை மூடும்போது ஊரெல்லாம் மைக்கையும் ஸ்பீக்கரையும் தூக்கிட்டுப் போனான், நான் அந்த ஒரு டேப்பை பிஸ்கட் டின்னுல போட்டு வீட்டுக்குக் கொண்டாந்தேன். தூக்கிப் போட்டிருக்கணும். இந்தக் கூவத்துல வீசியிருந்தா இன்னிக்கு யார் கேப்பா? வீச மனசு வரல. ஏன் வரலன்னு கேட்டா, அது ஒண்ணுதான் சாட்சி. தப்பு பண்ணவனே சாட்சியை பிஸ்கட் டின்னுல போட்டுப் பீரோ மேல வெச்சுக் காப்பாத்தின கதை இது. நாப்பத்துச் சொச்சம் வருஷம் அந்த டின்னைப் பார்க்காத மாதிரி அதுக்குக் கீழயே சட்டை மாத்தியிருக்கேன்.

எங்க ஸ்டூடியோவுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. முதலாளி சபாபதி முதலியார் கச்சேரிப் பைத்தியம். பாடுறவங்க இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதின்னு பாடுவாங்க, சுருதி மாறிடக்கூடாதுன்னு ஒவ்வொரு டேப்போட ஆரம்பத்துலயும் பத்து விநாடி சுருதிப் பெட்டியைப் பதிஞ்சே ஆகணும். விளம்பரம் பேசுறவன் வந்தாலும் பெட்டி, வில்லுப்பாட்டுக்காரன் வந்தாலும் பெட்டி. ரெஜி வந்தப்பவும் நான் துருத்தியை அமுக்கி பத்து விநாடி பதிஞ்சேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான், ராக் அண்ட் ரோலுக்கு சுருதிப் பெட்டியா ரங்கான்னு. சிரிச்சுட்டு, சரி போன்னு கிதாரையும் அந்தச் சுருதிக்கே சேர்த்துக்கிட்டான். காலையில அந்தப் பத்து விநாடியைத்தான் பிருந்தா போட்டா. போட்டதும் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, இது ஒன்றரைக் கட்டையில நிக்குது சார்னா. ஆமா, நிக்கும். பெட்டியே ஒன்றரைக் கட்டைப் பெட்டின்னா டேப் சரியா இருக்குன்னு அர்த்தம், அப்படியே விட்டுடலாம். பெட்டி ஒரு கட்டைன்னா பதியும்போதே மிஷின் மெதுவா ஓடியிருக்குன்னு அர்த்தம், மொத்த டேப்பையும் அரைக் கட்டை இறக்கணும்னு அவளே எனக்கு விளக்கிச் சொன்னா. நானும் பச்சைப்புள்ள மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கிட்டேன். பெட்டி முடிஞ்சதும் ரெஜியோட பேச்சு கொஞ்சம் வந்துச்சு, பாட்டுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை. அதைக் கேக்கத்தான் டாஃப்னி வந்ததே. எழுபத்தொம்பது வயசுல ஆட்டோ பிடிச்சு பெரம்பூர்லேர்ந்து சாலிகிராமம் வந்திருக்காங்க. ரெஜி செத்துப் பதினோரு வருஷமாச்சு, அவன் பேசின குரல் ஒரு கேசட்டுல கூட அவங்ககிட்ட கிடையாது. மேசை மேல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு, காதை ஸ்பீக்கர்கிட்ட கொண்டு போய்க் கேட்டாங்க. கேட்டுட்டு, இது யாரோ சின்னப் பையன் ரங்கம், இது அவர் இல்லன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. வந்து சோபாவுல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டாங்க.

கரண்ட். எல்லாத்துக்கும் காரணம் கரண்ட். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்குவேன், கொஞ்ச நேரம் நல்லாவும் இருக்கும். அன்னிக்கு எங்க பக்கம் கரண்ட் இல்ல. முதலாளி திருப்பதி போயிருந்தார். ரெஜிக்கு அந்த ஒரு நாள்தான் லீவு, அதுவும் ஃபோர்மேன்கிட்ட கெஞ்சி வாங்கினது. டிரம்ஸ் அடிக்கிற பையனுக்கு மறுநாள் வெளியூர். திருப்பி அனுப்பியிருக்கலாம். முகத்தைப் பார்த்தா அனுப்ப முடியல, கதவுப் பலகைக் கிதாரைக் கைக்குழந்தை மாதிரி டவல்ல சுத்தி எடுத்துட்டு வந்து நிக்கிறான். பக்கத்துல சினிமா ஷூட்டிங், அங்க ஒரு பழைய ஜெனரேட்டர். ஆபரேட்டருக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட்டு வாங்கிக் குடுத்து ஒயர் இழுத்துட்டேன். எனக்கு வயசு இருபது, வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம், பெரிய சாமர்த்தியசாலின்னு நெனப்பு. அந்த டேப் மிஷின் கரண்ட்டோட துடிப்புக்குத் தகுந்த மாதிரி ஓடும். சுவத்துல ஒரு மீட்டர் இருக்கும், அம்பதுல நிக்கணும். ஜெனரேட்டர் சோம்பலா ஓடினா மிஷினும் சோம்பலா ஓடும். சோம்பலா ஓடிப் பதிஞ்சதை மறுநாள் நல்ல கரண்ட்டுல ஓட்டினா, பதிஞ்சதெல்லாம் அவசரமா வரும், குரலும் மேல ஏறும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். முதலாளி முதல் நாளே சொல்லிக் குடுத்தது இதுதான், எதைப் பார்க்குறியோ இல்லையோ மீட்டரைப் பாருன்னார். நான் பார்க்கல. நான் ரெஜியோட விரலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த இடது கை விரல் கம்பி மேல போறதைப் பார்த்தவன் எவனும் வேற எதையும் பார்த்திருக்க மாட்டான். வேகம்னா, வேகம் இல்ல. அதைச் சொல்லத்தான் எனக்கு வார்த்தை வர மாட்டேங்குது. எங்கயும் ஓடணும்னு இல்லாம, ஒவ்வொரு கம்பியிலயும் கொஞ்சம் நின்னு, நின்னா விட மனசில்லாம இழுத்து, அப்புறம் அடுத்ததுக்குப் போவான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கண்ணுல தண்ணியோட இருந்தவன் மீட்டரை எப்படிப் பார்ப்பான், இது ஒரு சாக்கு. கிடக்கு.

மறுநாள் கரண்ட் வந்துச்சு. நான் தனியா டேப்பைப் போட்டேன். பெட்டி சத்தம் வந்ததுமே, மேசை மேல இருந்த அதே பெட்டியை என்கிட்ட இழுத்தேன். அமுக்கினேன். ஒரு கட்டை. டேப்புல ஒன்றரை. திரும்ப அமுக்கினேன், திரும்ப ஒரு கட்டை. ஏதோ நான் திரும்பத் திரும்ப அமுக்கினா அது மனசு மாறி மேல ஏறிடும்னு அமுக்கிட்டே இருந்தேன். அப்பவே ஓடிப் போய் ரெஜிகிட்ட சொல்லியிருக்கணும். முதலாளிகிட்டயாவது சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்லணும்னு வாய்க்குள்ள பேசிப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே முதலாளி மொட்டைத்தலையோட லட்டு எடுத்துக்கிட்டு, தட்டு போடுற கம்பெனிக்காரரையும் கூட்டிக்கிட்டு உள்ள வந்தார். பெட்டி சத்தத்தைத் தாண்டி ஓட்டிப் பாட்டைப் போட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. கம்பெனிக்காரர் தொடையில தட்டிக்கிட்டு, என்னய்யா விரலா இது, ரயில் மாதிரி போறானேன்னார். முதலாளி லட்டுல பாதியைப் பிட்டு என் வாயில வெச்சார். என்னால பேச முடியல. வாயில லட்டு. சிரிப்பா இருக்கு இல்ல? எனக்கும் சில நாள் சிரிப்பு வரும். அந்த லட்டை முழுங்கினதும் சொல்லியிருக்கலாமே, முழுங்க எவ்வளவு நேரம் ஆகும்? மீட்டர் பார்க்காதவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார்னு பயம். பயந்தாங்கொள்ளி. தட்டுக்கு அனுப்புறப்போ பெட்டி சத்தமும் பேச்சும் தானா வெளியில நின்னுடுச்சு, பாட்டு மட்டும் போச்சு. ஒரே ஒரு டேப்புல மட்டும் அந்தப் பத்து விநாடி.

தட்டு வந்த அன்னிக்கு ரெஜி வீட்டு ரேடியோகிராம்ல போட்டான். நானும் இருந்தேன். கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டான். முடிஞ்சதும் திரும்பப் போட்டான். அப்புறம், ரங்கா, இது நான்தானான்னான். சுருதி ஏறிக் கிடக்கேன்னான். காது இருக்கே அவனுக்கு, தெரியாமலா போகும். அந்த ஒரு நிமிஷம் கடவுளாப் பார்த்து எனக்குக் குடுத்தது. நான் சொன்னேன், உன் ரேடியோகிராம் வேகமா சுத்துது ரெஜின்னு. நம்பிட்டான். அந்தக் காலத்துல ஒவ்வொரு வீட்டு ரேடியோகிராமும் ஒவ்வொரு வேகத்துல சுத்தும், நம்பாம என்ன பண்ணுவான்? பேசாம இருந்தது ஒரு தப்புன்னா, அன்னிக்கு வாயைத் திறந்து சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அடுத்த சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல டான்ஸ். முதல்ல தட்டைப் போட்டாங்க, ஜனம் ஆடித் தீர்த்துச்சு. அப்புறம் இவன் மேடையேறி அதையே வாசிச்சான். அவன் வாசிக்கிற மாதிரி வாசிச்சான். ஆடுறவங்க கால் தடுமாறுது, வேகம் போதல. யாரோ ஒருத்தன் பின்னாலேர்ந்து, மேன், ரெக்கார்டையே போடுன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க. ரெஜியும் சிரிச்சான். மறுநாள் காலையிலேர்ந்து அவன் அவனையே துரத்த ஆரம்பிச்சான். ஷிஃப்ட்டுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், வந்து ரெண்டு மணி நேரம். தட்டுக்குச் சரியா வரணும்னு கம்பியை அரைக் கட்டை ஏத்தி முறுக்குவான், கம்பி அறுந்து ஒரு நாள் கன்னத்தைக் கிழிச்சுடுச்சு. அந்தத் தழும்பைக் கூட டாஃப்னி ஒர்க்‌ஷாப்புல பட்டதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காங்க.

நவம்பர்ல ரெண்டாவது ரெக்கார்டிங். இதை நெனக்க மாட்டேன்னு நெனச்சுக்கிட்டேதான் நெனக்கிறேன். கம்பெனிக்காரர் அதே மாதிரி இன்னும் ரெண்டு பாட்டு வேணும்னார். ரெஜி வந்தான், மே மாசம் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. அன்னிக்கு மத்தியானம் தின்ன மாதிரியே வாழைக்கா பஜ்ஜி வாங்கிட்டு வரச் சொன்னான். அன்னிக்கு உக்காந்த அதே நாற்காலி எதுன்னு தேடினான். ராசி பார்க்கிற ஆளே கிடையாது அவன், சர்ச்சுல கூட கடைசி பெஞ்சுலதான் உக்காருவான், அவன் நாற்காலி தேடுறான். நான் இந்தத் தடவை மீட்டரைப் பார்த்தேன். அம்பது. கச்சிதமா அம்பது. வாசிச்சான். வரல. திரும்ப வாசிச்சான். நான் டேக் நம்பரை சிலேட்டுல எழுதி எழுதி அழிக்கிறேன். பதினேழு. பதினேழாவதுல நடுவுல நிறுத்திட்டு கையைப் பார்த்துக்கிட்டான். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ள சுருண்டு கிடக்கு, அவன் பிரிக்கப் பார்க்குறான், பிரிய மாட்டேங்குது. கண்ணாடி வழியா என்னைப் பார்த்து, “அன்னிக்கு நான் என்ன பண்ணேன் ரங்கா?”ன்னான். மைக்குல கேட்டது. என் காதுல ஹெட்ஃபோன், அதனால அவன் காதுக்குள்ளயே வந்து கேட்ட மாதிரி இருந்துச்சு. நீ ஒண்ணும் பண்ணல ரெஜி, நான்தான் பண்ணேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் பேசுற பட்டனை அமுக்கி, அன்னிக்கு நல்ல மூடு இருந்துச்சு ரெஜின்னேன். நல்ல மூடாம். இந்த வாய்க்கு இன்னும் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன் பாருங்க.

அதுக்கப்புறம் அந்த ரெண்டு விரலும் திரும்பல. வேடிக்கை என்னன்னா மத்த எல்லாத்துக்கும் வேலை செய்யும். டீ கிளாஸ் பிடிப்பான், ஸ்பேனர் பிடிப்பான், கிதார் கம்பியைத் தொட்டா மட்டும் சுருண்டுக்கும். டாக்டர் நரம்புத் தளர்ச்சின்னு டானிக் எழுதினார். கிதார் அலமாரி மேல போச்சு. ஒர்க்‌ஷாப்பு, வீடு, சர்ச்சு. அறுபத்தேழுல டாஃப்னியைக் கட்டிக்கிட்டான். அவன் வாசிச்சு அவங்க கேட்டதே கிடையாது. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த விரல்தான். தினம் குளிக்கிறதுக்கு முன்னாடி யூகலிப்டஸ் தைலம் போட்டு நீவி விடுவாங்க, நாப்பத்தஞ்சு வருஷம், அவன் வேணாம்னாலும் விட மாட்டாங்க. இப்பவும் அந்தக் கைப்பையைத் திறந்தா அந்த வாசனை வரும். அந்த வீட்டுல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்கு மத்தியானச் சாப்பாடு. என் சம்சாரம் போனதுக்கப்புறம் அதுதான் எனக்கு வாரத்துல ஒரு நாள் வீட்டுச் சாப்பாடு, வாரத்துல ஒரு நாள் பேச்சு. மஞ்சச் சோறு, உருண்டைக் கறி. டாஃப்னிக்கு நீங்க நாங்க எல்லாம் கிடையாது, கவர்னர் வந்தாலும் நீதான். நீ இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ மேன்னு தட்டுல கொட்டுவாங்க. அந்தக் கரண்டி பிடிக்கிற கையைப் பார்க்கும்போதெல்லாம் தைலம் ஞாபகம் வரும், சோறு உள்ள எறங்காது, ஆனாலும் தின்னுடுவேன். கடைசியில ரெஜி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, இன்னிக்குச் சொல்லிடணும்னு பஸ் ஏறிப் போனேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “வாழ்க்கையில ஒரே ஒரு நாள்தான் நான் வாசிச்சேன். அதை நீ பிடிச்சு வெச்சுக் குடுத்தே. அது போதும்டா”ன்னான். இதுக்கு மேல என்னத்தைச் சொல்றது? அந்த ஒரு நாளையும் பிடுங்கிட்டு அனுப்பவா? ஆரஞ்சு ஜூஸ் குடுத்துட்டு வந்துட்டேன்.

அதேதான் இப்பவும். ஒரு கட்டைன்னு சொன்னா அந்தப் பொண்ணு அரைக் கட்டை இறக்குவா, வேகம் போயிடும், அட்டையில இருக்குற கொட்டை எழுத்து பொய்யாயிடும். அவன் இருக்கும்போது கிடைக்காத பேரு இப்பத்தான் கிடைக்குது, அதையும் நானே போய் அழிக்கணுமா? ஒன்றரைக் கட்டைன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது. ஜெர்மன்காரனுக்கு நல்லது, ரெஜி பேருக்கு நல்லது. எனக்கு. ஆமா, எனக்கும்தான். இதுல என் சோறு இருக்கு, மறைக்க என்ன. டாஃப்னிக்குத் தெரிஞ்சா அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடிடும், எண்பத்திரண்டு வயசுல ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்? பார்க்ல உக்காந்து காக்காகிட்ட பேசணும். ஒன்றரைன்னு சொல்லிடு ரங்கம். செத்தவன் எழுந்து வந்து கேக்கப் போறதில்ல. ஒன்றரை. வாய்க்குள்ள சொல்லிப் பார்க்குறேன், நல்லாத்தான் வருது. ஒன்றரைக் கட்டைம்மா, இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சு. மாடிப்படியில செருப்புச் சத்தம் கேக்குது. அவ இல்ல, வேற யாரோ, மேல போயிட்டாங்க. டாஃப்னி கண்ணைத் திறந்துட்டாங்க. சத்தம் அடங்கறதுக்காகச் சுவத்துல ஒட்டியிருக்குற பஞ்சைப் பார்த்துக்கிட்டே, ரொம்ப மெதுவா, எனக்குச் சொல்ற மாதிரி இல்லாம சொன்னாங்க.

“அவர் குரலே எனக்கு மறந்து போச்சா ரங்கம்? நாப்பத்தஞ்சு வருஷம் கேட்டேன். மறந்து போகுமா?”

கொஞ்ச நாளாவே அடுப்பை அணைக்க மறக்குறாங்க, போன மாசம் சர்ச்சுலேர்ந்து வர வழி ஒரு நிமிஷம் தெரியலன்னு சொன்னாங்க. டாக்டர்கிட்ட போகணும் போலன்னு இப்பவும் சொல்றாங்க, அந்தப் பொண்ணு எதிர்ல அவமானமா போச்சுன்னு. கையை விரிச்சு மடியில வெச்சுப் பார்த்துக்கிறாங்க. அதேதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஜி கையைப் பார்த்தானே, அதே பார்வை. விரல் சரியா இருந்தவனை விரல் கெட்டுப் போச்சுன்னு நம்ப வெச்சேன், அது கெட்டே போச்சு. இப்ப மூளை சரியா இருக்குறவங்களை மூளை கெட்டுப் போச்சுன்னு நம்ப வெக்கப் போறேன். சோத்துக்காகவா? அடப் பாவி, சோத்துக்காகவாடா? மறக்கல டாஃப்னிம்மா, நீங்க ஒண்ணும் மறக்கலன்னு சொல்லணும். வாயைத் திறக்குறேன், காத்துதான் வருது. கதவு திறந்துச்சு. பிருந்தா ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே உள்ள வந்தா. உக்காரக் கூட இல்ல அவ.

“ஒரு கட்டை”ன்னேன். சத்தமா வந்துடுச்சு. “ஒரு கட்டைப் பெட்டிம்மா. எனக்கு நல்லாத் தெரியும்.”

அவ என்னைப் பார்த்தா. அப்ப வேகமும் குறையும் சார், அட்டையில அப்படிப் போட்டிருக்காங்களேன்னு இழுத்தா. குறையட்டும், அப்படித்தான் வாசிச்சான், நான் பார்த்தேன்னேன். அதுக்கு மேல அவ கேக்கல. நாற்காலியில உக்காந்து ஏதோ தட்டினா, திருப்பினா. அறுபத்தோரு வருஷத்து வேலை, அவளுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல. முதல்ல பெட்டி வந்துச்சு, என் பெட்டி, ஒரு கட்டை, துருத்தியில ஒட்டுப் போட்ட இடத்துல காத்து கசியுறது கூடக் கேக்குது. அப்புறம் ரெஜி பேசினான். நான் டாஃப்னி பக்கம் திரும்பல, திரும்பத் தைரியம் வரல. என் மணிக்கட்டுல அவங்க கை வந்து விழுந்துச்சு. “அவர்தான்”னாங்க. எழுந்திருக்கப் பார்த்து, முடியாம, என் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்துட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சுச்சு. அவன் எங்கயும் ஓடல. ஒவ்வொரு கம்பியிலயும் நின்னான். அவன் கால் தரையில தட்டுறது கேட்டுச்சு, தட்டுல அது ஏதோ இரைச்சல் மாதிரி இருக்கும், இப்ப கால் கால் மாதிரி இருந்துச்சு. முன்னாடி பேசின குரலும் எறங்கி, கனத்து, இருபத்திநாலு வயசு ஆம்பளைக் குரலா இருந்துச்சு. நான் அன்னிக்குப் பார்த்தது இதைத்தான். கண்ணுல தண்ணி வந்ததும் இதுக்குத்தான். ரெண்டு நிமிஷம் நாப்பது விநாடின்னு தட்டுல போட்டிருக்கும், இப்ப பத்து விநாடி கூட ஓடி நின்னுச்சு. பிருந்தா திரும்பல, மிஷினைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா.

டாஃப்னி என் பக்கம் திரும்பினாங்க. அப்புறம் கேட்டாங்க, “அப்ப அவர் விரல்ல ஒண்ணும் கோளாறு இல்லையா?”

“இல்லம்மா. அன்னிக்கு ஒண்ணும் இல்ல, தட்டோட வேகத்தைத் துரத்தித் துரத்தித்தான் கெட்டுச்சு. மிஷின்தான் மெதுவா ஓடுச்சு. நான் பார்க்கல.”

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“மறுநாள்லேர்ந்து.”

என் மணிக்கட்டுலேர்ந்து கையை எடுத்துக்கிட்டாங்க. வேகமா எல்லாம் எடுக்கல, சும்மா எடுத்தாங்க. கைப்பையைத் திறந்து கர்ச்சீப்பைத் தேடினாங்க, யூகலிப்டஸ் வாசனை வந்துச்சு. முகத்தைத் துடைக்கல, கையை மட்டும் துடைச்சாங்க, விரல் விரலா, நீவுற மாதிரி. திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். திட்டினா நல்லா இருந்திருக்கும்.

“ஞாயித்துக்கிழமை நீ வராத ரங்கம்”னாங்க. அப்புறம் பிருந்தா பக்கம் திரும்பி, அந்தப் பேசுறதை மட்டும் இன்னொரு தடவை போடும்மான்னு கேட்டாங்க.

பிருந்தா போட்டா. பெட்டி பத்து விநாடி. அது நிக்குது. நாற்காலி ஒண்ணு இழுபடுது. அப்புறம் ரெஜி, அவன் குரல்ல, சிரிச்சு முடிச்ச மூச்சோட கேக்குறான், “ரங்கா, மிஷின் சரியா ஓடுதா?”

உடனே, ஒரு விநாடி கூட யோசிக்காம, இருபது வயசுக் குரல் ஒண்ணு பதில் சொல்லுது, “ஓடுது ரெஜி, நீ வாசி.”